கூப்பிட்டால் வருமா?



திருகோணமலை உட்துறைமுக வீதியால் மாலை வேளையில் நடந்து போகிறவர்கள் இப்படியொரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். தோணிகள் கரையேறிய இடத்தில் ஒரு நாய் மீன் செதிலை மணந்துகொண்டு நிற்கிறது. வீட்டுச் சிறுவன் அதன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். வரவில்லை. நாலைந்து தரம் கூப்பிட்ட பின் மெல்ல மெல்ல வருகிறது. வந்ததும் தடியால் ஒரு அடி! "இவ்வளவு நேரமும் எங்கே போனாய்?" என்கிறான்.

மறுநாள் கூப்பிட்டால் அந்த நாய் என்ன செய்யும்? இன்னும் தூர ஓடும். ஓடியதற்காக அடித்தேன் என்று சிறுவன் நினைக்கிறான். நாயோ, வந்ததற்காக அடி விழுந்தது என்றே கற்றுக்கொண்டது. ஆகவேதான் நாய் பழக்கத் தெரிந்தவர்கள், கூப்பிட்டு வந்த நாயை, எவ்வளவு பிந்தி வந்தாலும், அடிக்கவே கூடாது என்பார்கள்.

2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் நம் நாட்டில் கண்ணிவெடி அகற்றும் பணியில் பழக்கப்பட்ட நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. வெடிமருந்தின் மணம் பட்டதும் இத்தகைய நாய் நிலத்தைக் கிளறாது. அந்த இடத்திலேயே அமைதியாக உட்கார்ந்து காட்டும். அதற்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் விளையாட ஒரு பந்தும், பழக்கியவரின் தட்டிக்கொடுப்புமே. மனித உயிரைக் காக்கும் அந்தக் கீழ்ப்படிதல் தடியால் வந்ததல்ல, நம்பிக்கையால் வந்தது.

நாயின் பற்றையும் 'விசுவாசம்' என்கிறோம். ஞாயிறு திருப்பலியில் நாம் அறிக்கையிடுவதும் விசுவாசமே. தன்னை அழைப்பவர் நல்லவர் என்று நம்புகிறவன்தான் மனதாரக் கீழ்ப்படிவான்.

இராயப்பரை நினைத்துப் பாருங்கள். மும்முறை ஆண்டவரை மறுதலித்தவர். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் நிற்கிறார் என்று அறிந்ததும், படகு கரைசேரும்வரை பொறுக்காமல் தண்ணீரில் குதித்தார். கரையிலே அவருக்காகக் காத்திருந்தது தடியா? இல்லை. கரிநெருப்பும், மீனும், அப்பமும் காத்திருந்தன. பசியாறிய பின்பே ஆண்டவர் கேட்டார். அதுவும் 'ஏன் மறுதலித்தாய்' என்றல்ல, 'என்னில் அன்பு உண்டா' என்றே கேட்டார்.

பத்து வருடமாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் போகாதவர்கள் நம்மிடையே உண்டு. போரிலோ, 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலோ பிள்ளையைப் பறிகொடுத்து, கடவுளோடு கோபித்துக்கொண்டு தூர நிற்பவர்களும் உண்டு. "இத்தனை நாளும் எங்கே போனாய் என்று கேட்பாரே" என்று அஞ்சுகிறீர்களா? அஞ்ச வேண்டாம். உங்கள் கோபத்தையும் கண்ணீரையும் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள். வருகிறவனை அடிக்கும் கடவுள் அல்ல நம் கடவுள்.

ஆனால், வந்தவரை அடித்துத் துரத்தும் பாவம் நம்மிடம் உண்டு. நெடுநாளுக்குப் பின் கோயிலுக்கு வந்தவரைப் பார்த்து, "இன்றைக்குத்தான் வழி தெரிந்ததோ?" என்கிறோம். வீட்டை விட்டுப் போன மகள் ஒருநாள் கதவைத் தட்டினால், நம் முதல் வார்த்தை என்ன? தான் செய்த பிழையைத் தானே வந்து சொன்ன மகனுக்கு முதலில் கிடைப்பது என்ன? குருக்களாகிய எங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். எங்கள் கடுஞ்சொல்லால் தூரப் போன ஆன்மாக்களுக்கு நாங்கள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

கண்டிக்க வேண்டியதைப் பின்னர் அன்போடு கண்டிக்கலாம். வந்தவருக்கு முதலில் சோறு போடுங்கள்.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், உங்கள் வீட்டிலிருந்து தூரப் போன ஒருவரின் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் மன்றாடுங்கள். பின்பு அவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது உங்கள் கை வெறுங்கையாக இருக்கட்டும்.