நினைவுகூர்வோரின் கடன்

போரில் மாண்டோரை நினைவுகூர்வது நல்லது என்பதை எவரும் மறுப்பதில்லை. எவரும் மறுக்காத காரணத்தாலேயே அதைப் பற்றி நாம் ஆழ்ந்து சிந்திப்பதும் இல்லை. மலர்வளையம் வைக்கப்படுகிறது, மௌனம் காக்கப்படுகிறது, பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. கடமை முடிந்ததென்று நாம் கலைந்து செல்கிறோம். ஆயினும் நினைவுகூரும் பொறுப்பு ஓர் ஆட்சி அமைப்பின் கைக்கு, அதிலும் மக்களின் அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் உள்ள உள்ளாட்சி மன்றத்தின் கைக்கு வரும்போது, அங்கே ஓர் அறவினா எழுகிறது. இறந்தோரை நினைவுகூரும் அமைப்பு, அவர்களைப் போர்முனைக்கு அனுப்பியதில் தனக்கிருந்த பங்கையும் சேர்த்து நினைவுகூரக் கடமைப்பட்டதா?

முதல் உலகப்போரின் நூற்றாண்டைப் பிரிட்டன் நினைவுகூர்ந்த விதம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதொரு எடுத்துக்காட்டு. 2012 அக்டோபரில் அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன், நூற்றாண்டு நிகழ்ச்சிகளுக்கென ஐந்து கோடிப் பவுனுக்கு மேற்பட்ட நிதியை அறிவித்தார். பெரும் விழாக்களைத் தேசிய அரசு நடத்தியது. ஆனால் ஊர்தோறும் நடக்க வேண்டிய பணிகளில் பெரும்பகுதி உள்ளாட்சி மன்றங்களையே சார்ந்திருந்தது. மழையிலும் புகையிலும் மங்கிப்போன நினைவுச் சின்னங்களைத் தூய்மை செய்தல், பள்ளிகளில் நிகழ்ச்சிகள் அமைத்தல், பழைய ஆவணங்களைக் காட்சிக்கு வைத்தல் என்று திட்டங்கள் வகுக்கப்பட்டன. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அப்போரில் 627 பேருக்கு வழங்கப்பட்டது. அவர்களுள் பிரிட்டனில் பிறந்தோரின் சொந்த ஊர்களில் பதிப்பதற்கென நடைபாதைக் கற்களை அரசு வழங்கியது. அவற்றைப் பதிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பணி அந்தந்த மன்றங்களுக்குத் தரப்பட்டது. 2014 ஆகஸ்டு 4 அன்று, பிரிட்டன் போரில் இறங்கி நூறு ஆண்டுகள் நிறைவுற்ற இரவில், ஒரு மணி நேரம் விளக்குகளை அணைத்து ஒற்றை ஒளியை மட்டும் எரியவிடும் நிகழ்ச்சியிலும் பல மன்றங்கள் கலந்துகொண்டன.

இவை யாவும் பாராட்டத்தக்கவையே. இவற்றில் ஈடுபட்டோரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. எனினும் இத்திட்டங்கள் பெரும்பாலும் நகர்மன்றத்தை ஒரு துக்கம் விசாரிப்பவரின் இடத்தில் நிறுத்தின. எங்கோ தொலைவிலிருந்த ஒரு பேரரசு போரைத் தொடங்கியது. ஊர் தன் பிள்ளைகளை இழந்தது. ஊரின் சார்பில் மன்றம் அழுகிறது என்பதே அவற்றின் பொருள். வரலாறு இவ்வளவு எளியதாக இருக்கவில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள அக்ரிங்டன் என்னும் நெசவு நகரை எடுத்துக்கொள்வோம். 1914-இல் அந்நகரின் மேயராக இருந்த ஜான் ஹார்வுட், தம் நகரமே ஒரு படைப்பிரிவைத் திரட்டித் தரும் என்று போர்த்துறைக்குத் தாமே முன்வந்து தெரிவித்தார். செப்டம்பர் 14-இல் ஆள் சேர்ப்பு தொடங்கியது. பத்தே நாட்களில், அக்ரிங்டனிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டனர். நாட்டுப்பற்றினால் வந்தவர்கள் பலர். ஆனால் அவ்வாண்டுக் கோடையில் பருத்தி ஆலைகளில் வேலை குறைந்திருந்ததையும், நெசவு இயந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றில் கதவடைப்பு நிகழ்ந்திருந்ததையும் நாம் மறக்கலாகாது. அடுப்பெரியாத வீடுகளிலிருந்து வந்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். ஒரே தெருவினர், ஒரே ஆலையினர், உடன்பிறந்தோர் என எல்லாரும் ஒன்றாகச் சேரலாம், ஒன்றாகவே பணிபுரியலாம் என்ற வாக்குறுதி அவர்களுக்கு அளிக்கப்பட்டது. நண்பர் படைகள் என்று பெயர் பெற்ற இத்தகைய பிரிவுகள் வடஇங்கிலாந்தின் பல நகரங்களில் உருவாயின.

அந்த வாக்குறுதி நிறைவேறியது. 1916 ஜூலை 1-ஆம் நாள் காலையில், பிரான்சின் சொம் போர்க்களத்தில் செர் என்னும் சிற்றூரை நோக்கி அக்ரிங்டன் படைப்பிரிவினர் ஏறத்தாழ 720 பேர் முன்னேறினர். அரைமணி நேரத்திற்குள் அவர்களுள் 584 பேர் மாண்டோ, காயமுற்றோ, காணாமற்போயோ இருந்தனர். ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவே வீழ்ந்ததால், இழப்பு நாடெங்கும் பரவிச் சிதறாமல் ஒரே நகரின் சில தெருக்களின்மேல் வந்து குவிந்தது. இந்தத் துயரின் வடிவத்தைத் தீர்மானித்தது எதிரியின் இயந்திரத் துப்பாக்கி மட்டுமன்று. மேயரின் அறையிலிருந்து புறப்பட்ட அந்த முன்மொழிவும் அதில் பங்குடையது.

இரண்டாவது செய்தி இதனினும் குறைவாகவே பேசப்படுகிறது. தன்விருப்பத்தால் வருவோர் குறைந்தபோது, 1916 சனவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நிறைவேறியது. விலக்குக் கேட்போரின் மனுக்களை விசாரிக்க ஊர்தோறும் தீர்ப்பாயங்கள் அமைக்கப்பட்டன. அவற்றை அமைத்தவை உள்ளாட்சி மன்றங்களே. மன்ற உறுப்பினர்களும் ஊர்ப் பெரியவர்களும் நீதிபதிகளைப்போல் அமர்ந்தார்கள். இராணுவத்தின் சார்பில் வாதிட ஒருவர் அருகில் இருந்தார். 1916 ஜூன் முடிவதற்குள் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் விலக்குக் கோரியிருந்தனர். மனச்சான்றின் பெயரால் போரிட மறுத்தவர்கள் அவர்களுள் சிறு பகுதியினரே. போர் முடியும்வரை கணக்கிட்டாலும் அவர்கள் ஏறத்தாழ 16,000 பேர்தான். மற்றவர்களோ நோயுற்ற தாயைக் காக்க வேண்டியவர்கள், கடையை மூட நேரிடுமென அஞ்சியவர்கள், அண்ணன்மாரை ஏற்கெனவே போருக்குக் கொடுத்துவிட்டவர்கள். இவருள் யார் வீட்டில் இருக்கலாம், யார் போகவேண்டும் என்பதை அவர்களை நேரில் அறிந்த ஊரார்களே முடிவு செய்தார்கள்.

போர் முடிந்த பின், 1921-இல், இந்தத் தீர்ப்பாயங்களின் ஆவணங்களை அழித்துவிடுமாறு அரசு அறிவுறுத்தியது. மாதிரிக்கென மிடில்செக்ஸ் பகுதிக்கும், ஸ்காட்லாந்தின் லோதியன்–பீபிள்ஸ் பகுதிக்கும் உரிய ஆவணங்கள் மட்டும் காக்கப்பட்டன. தப்பித் தவறி வேறு சில ஊர்களிலும் சில ஏடுகள் எஞ்சின. பெரும்பாலானவை அழிந்தன. அதே ஆண்டுகளில்தான் ஊர்தோறும் நினைவுக் கற்கள் எழுந்தன. சென்றவர்களின் பெயர்கள் கல்லில் ஏறின. அவர்களை அனுப்பிய முடிவுகள் தீயில் மறைந்தன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போதுதான், பின்னர் வந்த தலைமுறைகள் எவற்றை நினைவில் கொண்டன, எவற்றை மறந்தன என்பது நமக்கு விளங்குகிறது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். 1914-இல் வாழ்ந்தோரின் செயலுக்கு இன்றைய மன்ற உறுப்பினர்கள் எவ்வாறு பொறுப்பாவார்கள்? அக்ரிங்டன் நகர்மன்றமே இன்று இல்லை. 1974-இல் அது ஹிண்ட்பர்ன் மன்றத்தோடு இணைக்கப்பட்டது. பிறந்திராதவன்மேல் குற்றம் சுமத்துவது நீதியாகுமா?

ஆகாது என்பதே நம் விடை. குற்றம் மனிதரோடு மறைகிறது. பிள்ளைகளின் தலையில் அதை இறக்கி வைப்பது அறமன்று. ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. தந்தை வாங்கிய கடனுக்காக மகனைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் தந்தையின் வீட்டையும் நிலத்தையும் ஏற்றுக்கொண்ட மகன், கடன் பத்திரத்தை மட்டும் எனக்குத் தெரியாது என்று தள்ளிவிட முடியாது. இன்றைய மன்றம் பழைய மன்றத்தின் மண்டபத்தையும் பூங்காவையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அக்ரிங்டன் வீரர்களின் புகழையும் தன் ஊரின் புகழாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீழ்ந்த செர் களத்தின் அருகே அக்ரிங்டன் செங்கல்லால் கட்டிய நினைவுச் சுவரும் நிற்கிறது. பெருமையை மரபுரிமையாகப் பெறும் அமைப்பு, அதனோடு சேர்ந்து வரும் பொறுப்பையும் பெற்றே ஆகவேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடுவது நேர்மையாகாது.

இன்னொரு தடையும் உண்டு. துக்க வீட்டில் கணக்குக் கேட்பது பண்பா? பெயர்கள் வாசிக்கப்படும் நாளில் யார் அனுப்பினார்கள் என்று ஆராய்வது இறந்தோரை அவமதிப்பதாகாதா? இத்தடையை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1920-களில் அந்தக் கற்களின்முன் நின்றவர்கள் பெற்றோரும் கைம்பெண்களும் குழந்தைகளுமே. உடல்கள் அயல் மண்ணில் கிடந்தன. பலருக்குக் கல்லறையும் இல்லை. ஊர் நடுவே நின்ற கல்லே அவர்களுக்குக் கல்லறையாக இருந்தது. அன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆறுதல். உங்கள் மகன் வீணாகச் சாகவில்லை என்ற சொல்லை அந்தத் தாயிடமிருந்து பறிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் நூறு ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் இல்லை. அப்போரின் அகழிகளில் நின்று போரிட்ட பிரிட்டானிய வீரர்களுள் கடைசியாக எஞ்சியிருந்த ஹாரி பாட்ச் 2009 ஜூலையில், தம் 111-ஆம் வயதில் காலமானார். துயருற்றோர் மறைந்தபின் ஆறுதலின் தேவை குறைகிறது. உண்மையின் தேவை மிகுகிறது. இறந்தோருக்கு நாம் தரக்கூடியதாக எஞ்சியிருப்பதும் அதுவே. நூற்றாண்டு நினைவும் முதல் நினைவும் ஒரே சடங்காக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

விடுபட்ட பெயர்களைக் கருதினால் இது இன்னும் தெளிவாகும். கெண்ட் பகுதியின் ஷோர்ஹாம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த தாமஸ் ஹைகேட் என்னும் இளம் வீரர், போர் தொடங்கிய ஐந்தே வாரங்களில், 1914 செப்டம்பர் 8 அன்று, படையை விட்டு ஓடிய குற்றத்திற்காகத் தம் சொந்தப் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அக்குற்றத்திற்காக அப்போரில் அவ்வாறு இறந்த முதல் பிரிட்டானிய வீரர் அவர். பிரான்சில் உள்ள நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் உண்டு. 2000-இல் ஷோர்ஹாம் ஊர்மன்றம் தன் பழைய பெயர்ப் பலகையைப் புதுப்பித்தபோது, அவர் பெயரைச் சேர்ப்பதில்லை என வாக்களித்தது. ஆனால் பின்னாளில் சேர்க்க நேர்ந்தால் என்று ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவைத்தது. 2006-இல் நாடாளுமன்றம் இவ்வாறு சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. அந்த ஊர்மன்றத்தை நாம் கடுமையாகப் பேசவேண்டியதில்லை. ஒரு பெயரை எழுதவும் மனமின்றி, அதை முற்றிலும் மறுக்கவும் மனமின்றி அது விட்ட வெற்றிடம், பல அழகிய சொற்பொழிவுகளைவிட நேர்மையானது. தீராத வழக்கு ஒன்று உண்டு என்பதையாவது அது ஒப்புக்கொண்டது.

எழுதப்படாத பெயர்கள் நம் நாட்டிலும் உண்டு. அப்போரில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 13 லட்சம் பேர் பணியாற்றினர்; 70,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்ற இந்திய வீரர்களுக்கு இங்கிலாந்தின் பிரைட்டன் நகர்மன்றத்திற்குச் சொந்தமான அரண்மனை மருத்துவமனை ஆயிற்று. அங்கு இறந்து, நகரை அடுத்த குன்றில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்காக 1921-இல் சத்ரி என்னும் வெண்பளிங்கு மண்டபம் திறக்கப்பட்டது. ஆனால் அவர்கள் 53 பேரின் பெயர்களும் அவ்விடத்தில் பொறிக்கப்பட்டது 2010-இல்தான். நம் கிராமங்களிலோ, தமிழகத்தின் சில ஊர்கள் உட்பட, சுவர்களில் பதித்த கல்வெட்டுகளைக் காணலாம்: இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்னும் அளவில் அவை நின்றுவிடுகின்றன. நடுகல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதிய மரபு நம்முடையது. அந்த மண்ணிலேயே பேரரசு மனிதரை எண்ணிக்கையாக எழுதிவைத்தது. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஏற்றுக்கொண்டது. நூற்றாண்டு விழாக்கள் முடிந்தபின் வந்த அறிக்கை அது.

அவ்வாறாயின் ஓர் உள்ளாட்சி மன்றம் எவ்வாறு திட்டமிட வேண்டும்? பெரும் பொருட்செலவு தேவையில்லை. வீழ்ந்தோரின் பெயர்களை வாசிக்கும் அதே மேடையில், படை திரட்டத் தன் முன்னோர் செய்த முயற்சியையும் அது வாசிக்கலாம். தீர்ப்பாயத்தின் ஏடுகள் எஞ்சியிருந்தால் அவற்றை மாணவர்முன் விரித்து வைக்கலாம். எஞ்சியிராவிட்டால் அவை ஏன் இல்லை என்பதைச் சொல்லலாம். விருது பெற்றவரின் கல்லைப் பதிக்கும்போது, விருது பெறாமல் திரும்பிவந்து வேலையின்றி வாடியவரையும், போரிட மறுத்துச் சிறை சென்றவரையும் பெயர் சொல்லி அழைக்கலாம். இதனால் வீரரின் புகழ் குன்றாது. அனுப்பியவர் யார் என்பது தெரிந்த பின்னரும் சென்றவரின் துணிவு அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின் நூற்றாண்டு 2039-இல் வரும். அப்போதும் மன்றங்கள் கூடும், குழுக்கள் அமையும், நிதி ஒதுக்கப்படும். எந்தக் கல், எந்த இடம், எந்த நாள் என்று விவாதிக்கப்படும். அக்கூட்டங்களில் அமரப்போகிறவர்களுள் பலர் இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள். நாளை ஒரு போர் வருமானால், ஊரின் பெயரால் ஆள் திரட்டித் தருகிறோம் என்று எழுதும் பேனாவும் அவர்கள் கையில்தான் இருக்கும். முன்னொரு நாள் அதே மேசையிலிருந்து அத்தகைய கடிதம் ஒன்று போயிற்று என்பதையும், அதன்பின் அவ்வூர்த் தெருக்களில் என்ன நேர்ந்தது என்பதையும் அறிந்தவர்களாக அவர்கள் அங்கே அமரவேண்டும். அதை அவர்களுக்குச் சொல்லிவைப்பது இன்று நம் கடன்.