உழைத்து ஓய்ந்த குதிரை

யான் கடற்கரையில் நின்று, வானம் தெளிந்த மாலையில் தெற்கே நோக்கினால் பினாங்கு மலை நீலமாய்த் தெரியும். அத்தீவில் 1864-ஆம் ஆண்டில் தோன்றிய குதிரைப் பந்தயச் சங்கம் 2025-ஆம் ஆண்டில் தன் கடைசிப் பந்தயத்தை நடத்திற்று. சிங்கப்பூரில் அதற்கு முன்பே, 2024 அக்டோபர் 5-ஆம் நாளோடு பந்தயம் முடிந்தது. சூதாட்டம் ஒன்று ஒழிந்ததென்று நம்மிற் பலர் மகிழ்ந்தோம். ஓடிய குதிரை என்னாவது என்று கேட்டவர் எத்தனை பேர்?

பந்தயக் குதிரையை இரண்டு வயதிலேயே, எலும்பு முற்றுமுன் ஓடப் பழக்குகிறார்கள். ஓட்டம் சில ஆண்டுகளே. ஆயுளோ இருபத்தைந்து, முப்பது ஆண்டு. எஞ்சிய காலத்தை மூட்டுவாதத்தோடு கழிப்பவை பல. காலையில் எழுந்ததும் முதற் பத்தடி நொண்டும். கட்டிப்போட்டால் மூட்டு இன்னும் இறுகும்; ஆகவே நாள்தோறும் மெல்ல நடத்தவேண்டும். ஆறு, எட்டு வாரத்துக்கொருமுறை குளம்பைச் செதுக்கவேண்டும். பல் தேய்ந்துவிட்டால் தீனியை ஊறவைத்துக் கொடுக்கவேண்டும். வலியடக்கும் மருந்து உண்டு. நெடுநாள் கொடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இவ்வளவு செய்தும் நோய் தீராது. போட்ட பணத்தில் ஒரு காசும் திரும்பாது.

பின் ஏன் செய்வது? இரக்கத்தால் என்பர். எனக்கு அச்சொல் போதவில்லை. இரக்கம் மனம் இளகும்போது வரும், அலுத்தபோது போகும். இது கடன். அதன் முழங்காலைத் தேய்த்தது நமது ஆட்டம். பால்மரக் காட்டில் முதுகு வளைந்தவர்களை, வேலை நின்றதும் லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்ன வழக்கத்தைக் கண்ட நமக்கு இதை விளக்கவேண்டுவதில்லை. மனிதனுக்கே வழியில்லாதபோது குதிரைக்கா என்று கேட்பவருண்டு. இருவருக்கும் இல்லையென்றது ஒரே கணக்கப்பிள்ளை மனந்தான்.

கடனைத் தீர்ப்பது உயிரை நீட்டியா, முடித்தா என்பதே கடினமான கேள்வி. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியின்றித் துடித்த கன்றை ஊசி போட்டு முடிக்கச் செய்தார் காந்தியடிகள். அகிம்சை பேசியவரே கொன்றாரென்று பெருங்கண்டனம் எழுந்தது. ஆனால் பாவம் நம்மைச் சேருமென்று அஞ்சி, எழமாட்டாத உயிரைத் துடிக்கவிடுவதும் தன்னலமே அன்றோ? செலவுக்கு அஞ்சி, நடக்கக்கூடிய குதிரையைக் கொன்றுவிட்டுக் கருணை என்று பெயரிடுவதும் அத்தன்னலந்தான். ஊசி ஒன்றே, யாருடைய வலி தீர என்பதில்தான் வேறுபாடு.

1930-இல் கெய்ரோ நகருக்கு வந்த டாரதி புரூக் என்னும் ஆங்கில மாது, முதல் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டிஷ் படை அங்கேயே விற்றுவிட்ட குதிரைகளைத் தேடினார். வண்டியிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்து அவை எலும்பாகியிருந்தன. 1931-இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதமெழுதிப் பொருள் திரட்டி, மூன்றாண்டில் ஏறத்தாழ 5000 பிராணிகளை வாங்கினார். 1934-இல் மருத்துவமனையும் அமைத்தார். வாங்கியவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை. அவற்றை வலியின்றி முடிக்கவே அவர் வாங்கினார். அதற்குமுன் வயிறு நிறையத் தீனியும், ஆழப் பரப்பிய வைக்கோலும் கொடுத்தார். படுக்கையென்பதையே மறந்துபோன அக்கிழக்குதிரைகள் அதன்மேல் காலெடுத்து வைக்கத் தயங்கின. பிறகு ஒவ்வொன்றாய் மெல்ல முழங்கால் மடித்துப் படுத்தன.