கடைசி ஓவரில் ஒரு சிங்கிள்

தாம்பரத்தில் கிளம்பும் மின்சார ரயில் பீச் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் சேப்பாக்கத்தில் நடந்த எந்த டெஸ்ட் மேட்சையும் வாயாலேயே மறுபடி ஆடி முடித்துவிடலாம். 'சேப்பாக்கத்துல மறக்கவே முடியாத மேட்ச் எது சார்?' என்று யாராவது ஆரம்பித்தால் போதும். குரோம்பேட்டையில் ஏறும் பெரியவர், 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக விஸ்வநாத் அடித்த 97 நாட் அவுட் என்பார். (அந்த மூன்று ரன்னையும் எடுத்திருந்தால் இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது என்பது என் கட்சி.) பல்லாவரத்துக்காரர் 1988-ல் ஹிர்வானி எடுத்த 16 விக்கெட்டைச் சொல்வார். காதில் ஒயர் மாட்டிய பையன் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, 'சேவாக் 319, 2008' என்று சொல்லி மறுபடி மாட்டிக்கொள்வான்.

மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் எல்லாரும் இரண்டே மேட்சில் வந்து நிற்பார்கள். 1986, 1999. இரண்டிலும் நாம் ஜெயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1986 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியா ஐந்தாம் நாள் டிக்ளேர் செய்து, 348 அடி பார்க்கலாம் என்றது. கவாஸ்கர் 90 அடித்தும் கடைசி ஓவர் வரும்போது ஸ்கோர் 344-க்கு ஒன்பது. வேண்டியது நான்கு ரன். அந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத கிரேக் மேத்யூஸ் பந்து போடுகிறார். எதிரே ரவி சாஸ்திரி. அந்தப் பக்கம் மணீந்தர் சிங். நல்ல ஸ்பின்னர், ஆனால் பேட்டுக்கும் அவருக்கும் ஒத்துவராது. முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் சாஸ்திரி ஒரு ரன் ஓடினார். ஸ்கோர் சமம். மிச்சம் மூன்று பந்து, வேண்டியது ஒரு ரன், ஆடப்போவது மணீந்தர். நான்காவதைத் தடுத்தார். ஐந்தாவது காலில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு கையைத் தூக்கினார். டை.

இரண்டு அணிகளும் ஐந்து நாளில் ஆளுக்கு 744 ரன் எடுத்திருந்தன. டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொண்டார். ரயிலில் நடக்கும் சண்டை அதைப் பற்றி அல்ல. 'அந்த சிங்கிளை ஏன் சார் எடுத்தார்? அவரே நின்னு முடிச்சிருக்க வேண்டியதுதானே?'

அப்படியே 1999 ஜனவரி 31-க்கு வாருங்கள். பாகிஸ்தானுக்கு எதிராக இலக்கு 271. சச்சின் முதுகு வலியோடு 136 அடித்துவிட்டார். இன்னும் 17 ரன்தான். நான்கு விக்கெட் கையில் இருக்கிறது. சச்சின் தானே முடித்துவிடலாம் என்று சக்லைனைத் தூக்கி அடித்தார். கேட்ச். அதற்குப் பிறகு மூன்று விக்கெட் நாலே ரன்னில் விழுந்தது. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான்காரர்களுக்கு மெட்ராஸ் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இந்த ஊரைப் பற்றி நான் பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயங்களில் அது ஒன்று. ஆனால் ரயிலில் கேட்பது: 'ஏன் சார் தூக்கி அடிக்கணும்? சிங்கிள் எடுத்து அந்தப் பக்கம் கொடுத்திருக்கலாமே?'

பெரும்பாலும் இரண்டையும் கேட்பது ஒரே ஆள். ஒருத்தர் கொடுத்தது தப்பு, இன்னொருத்தர் கொடுக்காதது தப்பு. அப்புறம் என்னதான் செய்வது?

இதற்குத் தத்துவத்தில் பேர் இருக்கிறது. 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இருவர் 'மாரல் லக்' என்று ஒரு விவாதத்தைக் கிளப்பினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பிரேக் சரியில்லாத இரண்டு லாரிகள் போகின்றன. ஒன்றின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது, மற்றதன் குறுக்கே யாரும் வரவில்லை. இரண்டு டிரைவர்களும் செய்த தப்பு ஒன்றுதான். ஆனால் ஒருவனைக் கொலைகாரன் என்கிறோம், இன்னொருவன் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

அமெரிக்காவிலும் இதே ரகளைதான். அவர்களுடைய ஃபுட்பாலில் காலைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். கல்லூரி மேட்சுகளில் எது மறக்க முடியாத பாஸ் என்று ஆரம்பித்தால் முதலில் வருவது 1984 நவம்பர் 23. மயாமி 45-41 என்று முன்னால் இருக்கிறது, நேரம் முடிந்தேவிட்டது. பாஸ்டன் காலேஜின் டக் ஃப்ளூட்டி பந்தை அறுபது கெஜத்துக்கு மேல் வீசுகிறார். ஜெரார்ட் ஃபெலன் பிடிக்கிறார். 47-45. பின்னால் 2008-ல் மைதானத்துக்கு வெளியே சிலை வைத்தார்கள், ஃப்ளூட்டிக்கு. ஃபெலன் கையிலிருந்து அது நழுவியிருந்தால்? அதே கை, அதே வீச்சு. சிலை மட்டும் இருந்திருக்காது.

என்னைக் கேட்டால் சாஸ்திரி செய்தது சரி. அந்த சிங்கிளோடு இந்தியா தோற்பது என்பதே முடியாத காரியமாகிவிட்டது. மணீந்தர் கையில் கொடுத்தது வெடிகுண்டு இல்லை. மூன்று பந்தும் ஒரு ரன்னும். பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கும் கை மாற்றிக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இதுதான்: வாங்குகிறவன் நிற்க இடம் வைத்துவிட்டுக் கொடுக்கிறோமா? நம் ஆபீஸ்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அடுத்த மேஜைக்குப் போகும் ஃபைல்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வள்ளுவர், ஆராய்ந்து பார்த்து ஒருவனிடம் வேலையை விட்டுவிடு என்கிறார், நம்பியபின் சந்தேகப்படாதே என்றும் சொல்கிறார். அவன் எல்.பி.டபிள்யூ. ஆனால் என்ன செய்வதென்று சொல்லவில்லை.

சேலையூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, படுத்த படுக்கையான மாமியாரைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டார். முதுகு முற்றிலும் போனபிறகு, மடிப்பாக்கத்தில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினார். இருபத்து மூன்றாவது நாள் கிழவி போய்விட்டார். பதிமூன்றாம் நாள் சாப்பாட்டில் உறவுகள் பேசிக்கொண்டது: 'கடைசி காலத்துல தள்ளி விட்டுட்டா பாரு.' பதினொரு வருஷம் யார் கணக்கிலும் வரவில்லை. மைத்துனரைப் பார்த்தும் ஒருத்தர், 'உங்ககிட்ட வந்ததும்தான்...' என்று இழுத்தார். அவர் அந்த இருபத்து மூன்று நாளும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மணீந்தர் பந்து பேட்டில் பட்டது என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறார். விக்ரம்ராஜு அதற்குப் பிறகு டெஸ்ட் மேட்ச் எதிலும் நிற்கவில்லை.

இதே கேள்வி 36 வருஷம் கழித்து மெல்போர்னில் நம்ம ஊர்க்காரர் ஒருவரிடம் வந்தது. 2022 அக்டோபர் 23, எதிரே பாகிஸ்தான். ஒரு பந்து, இரண்டு ரன். அஸ்வின் உள்ளே வருகிறார். நவாஸ் போட்ட பந்து லெக் பக்கம் போக, அஸ்வின் ஆடாமல் விட்டுவிட்டார். வைட். ஸ்கோர் சமம், மணீந்தர் நின்ற அதே இடம். அடுத்ததை மிட் ஆஃபுக்கு மேல் தட்டி ஜெயித்தார். என்ன நிதானம், என்ன மூளை என்று மறுநாள் ரயிலில் ஒரே பாராட்டு. அவரோ பிற்பாடு ஒரு பேட்டியில், அந்த வைட் பந்து திரும்பி வந்து பேடில் பட்டிருந்தால் அன்றைக்கே நன்றி சொல்லி ரிடையர் ஆகியிருப்பேன் என்று சிரித்தார்.