பட்டியலில் இல்லாதவர்

கடமைகளை வகுத்துத் தரும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும்போது, அக்கடமைகளுக்குரிய பொறுப்பையும் சேர்த்தே ஒப்படைத்துவிடுகிறோமா? சிறியதாகத் தோன்றும் இக்கேள்வி இன்று அலுவலகம், பள்ளி, பங்குப் பேரவை என எங்கும் எழுந்து நிற்கிறது.

பணிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்களில் ஒரு வசதி உண்டு. ஆண்டுதோறும் திரும்பி வரும் வேலைகளை ஒருமுறை மாதிரிப் பட்டியலாக எழுதி வைத்தால் போதும். தொடக்க நாளைக் குறித்தவுடன், எது எந்நாளில், எதன்பின் எது, செய்ய வேண்டியவர் யார் என்று நூற்றுக்கணக்கான பணிகள் நொடியில் உருவாகிவிடும். மனிதர் மறப்பர், சலிப்பர், வேண்டியவருக்கு எளிய வேலையைத் தருவர். பொறிக்கு இக்குறைகள் இல்லை. திரும்பத் திரும்ப வருதலும் இழிவன்று. திருவருகைக் காலமும் தவக்காலமும் ஆண்டுதோறும் நம்மைக் கேளாமலே வந்து நம்மை எழுப்புகின்றன அல்லவா? அப்படியானால் குறை எங்கே?

செஞ்சியை அடுத்த வல்லம் ஒன்றியத்து மக்கள் இதனை வேறொரு வடிவில் அறிவர். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று முதற்கட்டமாக நடைமுறைக்கு வந்த 200 மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. நூறு நாள் வேலை என்று ஊரார் அழைத்த அத்திட்டத்தில், தொடக்கத்தில் வருகைப் பதிவேடு கையால் எழுதப்பட்டது. வராதவர் பெயரையும் எழுதிக் கூலி பெற அது இடந்தந்தது. அதைத் தடுக்கவே, பெயர்களைக் கணினியே அச்சிட்டுத் தரும் முறை வந்தது. 2023 சனவரி முதல் நாளுக்கு இருமுறை ஒளிப்படமும் கட்டாயமாயிற்று.

நோக்கம் நல்லதே. ஆயினும் வேலைக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே படமெடுத்தவையும் பதிவேறுவதை 2025 சூலையில் நடுவண் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்டியது. மறுபுறம், அச்சிட்ட தாளில் பெயர் இல்லாதவர் மண்வெட்டியோடு ஏரிக்கரையில் வந்து நின்றாலும், பணித்தளப் பொறுப்பாளரால் அவர் பெயரைக் கையால் சேர்க்க இயலவில்லை. பொய்யரைத் தடுக்கக் கட்டிய வேலியில் ஏழை சிக்கினார். 2025 டிசம்பரில் அச்சட்டத்திற்குப் பதிலாகப் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. நம் கேள்வியோ அப்படியே நிற்கிறது.

பழையதொரு முறையையும் எண்ணிப் பார்ப்போம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்திற்கு 6 பேரைக் குடவோலையால் தேர்ந்ததைச் சொல்கின்றன. பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. நிலமுடைய அந்தணர்க்கே அச்சபை உரியதாயிருந்தது என்னும் குறை பெரிது. ஆனாலும் ஒன்றைக் கற்கலாம்: ஏரி வேலை ஆண்டுதோறும் திரும்பியது, செய்பவர் பெயர் தானாகத் திரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஓலைகளைக் குடத்திலிட்டு, புதிதாக ஒருவரைப் பொறுப்பேற்கச் செய்தனர்.

இங்கேதான் விடை தென்படுகிறது. வேலையைப் படியெடுக்கலாம், இசைவைப் படியெடுக்க முடியாது. சென்ற ஆண்டு மகிழ்வோடு ஒப்புக்கொண்டவர் இவ்வாண்டு நோயுற்றிருக்கலாம், துயரத்தில் இருக்கலாம். அவரைக் கேளாமல் அவர் தலையில் நாற்பது பணிகள் விழுந்தால், சுமத்தியவர் யார்? பொறி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பொத்தானை அழுத்திய விரல் நம்முடையது.

திராட்சைத் தோட்ட உவமையின் உரிமையாளரை நினைவுகூர்வோம். விடியலில் ஆள் எடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பதினோராம் மணி வேளைகளிலும் தாமே சந்தைவெளிக்குச் சென்றார். ஒவ்வொரு முறையும் அது அதே வேலைதான். ஆனால் சென்றதனாலேயே, ஒருவரும் அழைக்காமல் நின்றவர்களை அவர் கண்டார். காலையிலேயே பட்டியலை முடித்திருந்தால், கடைசியில் வந்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

ஆதலால், நாள்களையும் வரிசையையும் கணினி நினைவில் வைக்கட்டும். அதற்கு நன்றி சொல்வோம். செய்பவர் பெயருக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, ஒவ்வொரு முறையும் நேரில் கேட்டு நிரப்புவோம். அப்படிச் செலவாகும் அரைமணி நேரம் வீணன்று. பட்டியலில் இல்லாதவரை நாம் காணக் கிடைக்கும் வேளை அது ஒன்றே.