தன்னைக் காட்டும் திரை

1995 ஜூன் கடைசியில் பெர்லின் நகரத்தின் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடம் வெள்ளி நிறத் துணிக்குள் மறைந்தது. கிறிஸ்டோ, ஜான்-க்ளோட் என்ற கலைஞர் தம்பதி, ஒரு லட்சம் சதுர மீட்டர் துணியை அதன்மேல் போர்த்தி, நீலக் கயிற்றால் கட்டினார்கள். எண்ணம் உதித்தது 1971-ல். பலமுறை மறுக்கப்பட்டு, கடைசியில் 1994-ல் ஜெர்மன் நாடாளுமன்றமே விவாதித்து 292-க்கு 223 என்ற வாக்கில் இசைந்தது. யாரிடமும் நன்கொடை வாங்காமல், தங்கள் ஓவியங்களை விற்றே செலவைத் தாங்கினார்கள். அந்தத் தவத்தை நான் வணங்குகிறேன். இரண்டே வாரம் நின்ற அந்தப் போர்வையைக் காண ஐம்பது லட்சம் பேர் வந்தார்கள்.

தூணும் சிற்பமும் மறைந்தபின்தான் கட்டடத்தின் முழு உருவம் கண்ணுக்குப் புலப்பட்டது.

இப்படிக் காட்டுவதற்காகவே மறைப்பதைச் சைவ சித்தாந்தமும் பேசுகிறது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலையும் அது சேர்க்கிறது. ஆடவல்லானாகிய நடராசனின் தூக்கிய திருவடி அருள். ஊன்றிய திருவடி மறைப்பு. உயிர் பக்குவப்படும்வரை அவன் தன்னை மறைத்து உலகைக் காட்டுகிறான். அந்த மறைப்பும் கருணைதான்.

எல்லா மறைப்பும் அப்படியல்ல. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற நூலில் இருளையும் ஆணவத்தையும் பிரித்துக் காட்டுகிறார். இருள் பொருள்களை மறைத்தாலும், இருட்டாக இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும். ஆணவம் தான் இருப்பதையே தெரியவிடாது. அப்படித் தன்னையே மறைத்துக்கொண்ட திரை ஒன்று வரலாற்றிலும் உண்டு. இதே ரைக்ஸ்டாக் 1933 பிப்ரவரியில் எரிந்தது. அந்தத் தீயைக் காரணம் காட்டி மறுநாளே ஆட்சியாளர்கள் மக்களின் உரிமைகளைப் பறித்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் விழுந்த அந்தத் திரையைத் திரையென்று அறியாதவர்கள் எத்தனையோ பேர். கிறிஸ்டோவின் துணியில் அந்த வஞ்சகம் இல்லை. மடிப்பும் முடிச்சும் தெரிய, காற்றுக்கு அசைந்துகொண்டு, துணியாகவே நின்றது.

தியானத்தில் கண்மூடி அமரும்போதும் இந்த இருவகைத் திரைகள் உண்டு. கவலை வரும், ஆசை வரும். இவை திரை என்று தெரிவதால் பொறுமையோடு விலக்கிவிடலாம். 'நான்' என்ற ஆணவம் அப்படி வருவதில்லை. பார்க்கிறவனின் இடத்திலேயே அமர்ந்துகொள்கிறது. என் அமைதி, என் பக்தி என்று நல்ல பெயர்களில் பேசுகிறது. அதை விலக்கும் கையும் அதன் கைதான். அங்கே என் முயற்சி எடுபடுவதில்லை. 'நீயே காட்டு' என்று இறைவனிடம் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.