வானில் வீழ்ந்தோரும் வழியில் வீழ்ந்தோரும்

நெய்யாற்றின்கரை வட்டத்துக் கோட்டுகாலில் ஒரு மாலை அறவுரை முடிந்து, கூட்டத்தினர் விடைபெற்றுச் சென்றபின், ஓர் இளைஞர் மட்டும் போகாமல் நின்றார். சென்னையில் வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். “ஐயா, ஒன்று கேட்பேன்; கோபிக்கக் கூடாது” என்று தொடங்கிச் சொல்லலானார்.

“நந்தம்பாக்கத்தில் போர் வீரர் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. ஒரு நாள் உள்ளே சென்று பார்த்தேன். புல் ஓரளவாக வெட்டப்பட்டிருக்கிறது. கல்தோறும் பெயர், படைப்பிரிவு, மாண்ட நாள், வயது. இருபதும் இருபத்திரண்டும் வயதுள்ள விமானப் படையினர் அங்கே கிடக்கிறார்கள். நம்மை அடக்கி ஆண்ட அரசின் ஆட்கள். என் தந்தையாரின் பாட்டனார் மலாயா தோட்டத்துக்குப் போனவர்; அங்கிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டார். அவருக்குக் கல்லும் இல்லை. பெயரும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்படியிருக்க, அவர்களை நாம் எதற்காக நினைக்க வேண்டும்? அவர்கள் வரலாற்றை நாம் எதற்காகக் காக்க வேண்டும்?”

“தம்பி, இதற்கு விடை இப்போது நம்மிடம் இல்லை, ஆராய்ந்து எழுதுகிறோம்” என்றோம். கொடுத்த வாக்கை இக்கட்டுரையால் நிறைவேற்ற முயல்கிறோம்.

முதலில் பொருளை உள்ளவாறு அறிதல் வேண்டும். நந்தம்பாக்கத்துத் தோட்டம் 1952-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பற்பல ஊர்களில் பேணுவாரின்றிச் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஓரிடத்தே சேர்த்தனர். 856 வீரர் அங்கே அடக்கம் பெற்றுள்ளனர். முதலாம் உலகப் போரில் இறந்து வெவ்வேறு ஊர்களில் புதையுண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பேணும் ஆணையம் 1917-இல் இலண்டனில் தோன்றியது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் கல் ஒன்றே. செல்வர்க்கும் வறியர்க்கும் அளவு ஒன்றே. இனத்தாலும் சமயத்தாலும் வேற்றுமை இல்லை என்பது அவ்வாணையம் ஏற்ற கொள்கை. இன்று ஆறு நாடுகளின் அரசுகள் அதற்குப் பொருள் உதவுகின்றன; அவற்றுள் நம் இந்தியாவும் ஒன்று.

வான் வீரர் நிலையோ தனித்தன்மை உடையது. தரையில் மாண்டவனுக்கு ஆறடி மண்ணாவது வாய்க்கும். வானில் எரிந்து கடலில் வீழ்ந்தவனுக்கு அதுவும் இல்லை. ஆதலின் உடல் கிட்டாதவர்க்குப் பெயரையே உடலாகக் கொண்டு நினைவிடம் எழுப்பினர். இங்கிலாந்தில் ரன்னிமீடு என்னுமிடத்தில் 1953-இல் திறக்கப்பட்ட மண்டபத்தில் 20,000-க்கு மேற்பட்ட வான் வீரர் பெயர்கள் உள்ளன. சிங்கப்பூர்க் கிராஞ்சியில் உள்ள சுவர்களில் கல்லறை காணாத தரைப்படையினர், வான்படையினர் 24,000-க்கு மேற்பட்டோர் பெயர் பெற்றுள்ளனர்.

இது தூரதேசத்துக் கதையன்று. விழிஞ்ஞம் கடற்கரையில் நின்று நாம் காணும் இதே இந்துமாக்கடலின் மேல், 1942 ஏப்ரல் 4-ஆம் நாள், இலங்கைக் கொக்கலையிலிருந்து ஒரு கடல் விமானம் பறந்தது. லெனார்டு பிர்ச்சால் என்னும் கனடா நாட்டவர் அதன் தலைவர், உடனிருந்தோர் எண்மர். ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு, அவர்கள் கம்பியில்லாத் தந்தியால் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டனர். மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது; ஆயினும் அஃது எச்சரிக்கை பெற்ற நகரமாக இருந்தது. அந்த மூவருக்கு நாம் கடன்பட்டவரா, அல்லரா? கொழும்புத் துறைமுகத்தில் அன்று மூட்டை சுமந்த தமிழனைக் கேட்டிருந்தால் அவன் என்ன விடை கூறியிருப்பான்?

நிற்க. இளைஞரின் முதல் தடை, அவர்கள் ஆண்டவரின் ஆட்கள் என்பது. உண்மையே. ஆனால் இறந்தவனை நினைப்பது வேறு. அவன் ஏந்திய கொடியை வணங்குவது வேறு. தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் என்பவரின் கல்லறை இருக்கிறது. அவர் டச்சுக் கம்பெனியின் படையோடு குளச்சலுக்குப் பகைவராய் வந்தவர். 1741-இல் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டவர். பின் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றி 1777-இல் மறைந்தவர். அவர் கல்லறையில் இலத்தீன் எழுத்தோடு தமிழ் எழுத்தும் உண்டு. பகைவனாய் வந்தவனுக்கும் தமிழில் பெயர் எழுதிய மண் நம்முடையது. அக்கல்லைக் காப்பதனால் எவரும் டச்சுக் கம்பெனியைப் போற்றியவர் ஆகார்.

இரண்டாம் தடையை இளைஞர் கேட்கவில்லை, நாமே கேட்டுக்கொள்கிறோம். கொல்வதைத் தொழிலாகக் கொண்டவனை நினைவுகூர்தல் அறமாகுமோ? சங்யுத்த நிகாயத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. போரில் மடிந்த வீரன் சுவர்க்கம் புகுவான் என்று தம் முன்னோர் கூறக் கேட்ட படைத்தலைவன் ஒருவன், அது மெய்யா என்று பகவரை வினவினான். பகவர் இருமுறை விடை கூறாது தவிர்த்தார். மூன்றாம் முறையும் வற்புறுத்தவே, பிறரைக் கொல்லும் எண்ணத்தோடு மடிபவனுக்கு நற்கதி இல்லை என்று உரைத்தார். கேட்டவன் அழுதான், பகவர் சொல்லுக்காக அன்று, இதுகாறும் ஏமாற்றப்பட்டோமே என்று அழுதான். அவன் அழுகைக்கு அஞ்சிப் பகவர் உண்மையை மாற்றவில்லை. உண்மை தம்மிடம் உண்டென்று அவனை இகழவுமில்லை. போரில் இறந்தோரைப் பற்றி நாம் பேச வேண்டிய முறை இதுவே எனக் கொள்கிறோம்.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இரண்டாம் உலகப் போரில் மாண்டவர் 55,573 பேர். அவர்கள் வீசிய குண்டுகளால் எரிந்த நகரங்கள் பல. டிரெஸ்டன் என்னும் ஒரே நகரில் 1945 பிப்ரவரியில் சுமார் 25,000 மக்கள் மாண்டனர். இருபது வயது இளைஞன் இருளில் பல்லாயிரம் அடி உயரத்திலிருந்து ஒரு விசையை இழுக்கிறான். கீழே எரிபவர் முகம் அவனுக்குத் தெரியாது. மறுவாரம் அவனும் எரிகிறான். இவனை வீரன் என்று மட்டும் சொன்னால் பாதி மறைத்தோம். கொலைஞன் என்று மட்டும் சொன்னாலும் பாதி மறைத்தோம். இவர்களுக்கு இலண்டனில் நினைவுச் சின்னம் எழ 2012-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சின்னத்தில், குண்டுவீச்சால் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் சேர்க்கப்பட்டது. கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒரே கல் ஏற்றது. நினைவு அறமாவது இவ்விடத்தேதான்.

இதற்கும் முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர்; ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று, வென்ற மன்னனாகிய அசோகனே தன் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில் பொறித்தான். வெற்றியைப் பாட வேண்டிய கல்லில் வருத்தத்தை வெட்டினான். ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலிப் பாறையிலும் ஜௌகடப் பாறையிலும் அக்கட்டளை இல்லை. துன்புற்றவர் கண்முன் அதை எழுத அவன் கை கூசியதோ, அரசியல் கருதித் தவிர்த்தானோ, நாம் அறியோம். கல் பேசுவதோடு, பேசாமல் விட்டதையும் சேர்த்துப் படிப்பவனே வரலாறு படித்தவன். கல்லையே பெயர்த்தெறிந்துவிட்டால் இரண்டையும் படிக்க வழி ஏது? பிரிட்டிஷ் படையின் ஏடுகளையும் கல்லறைகளையும் காக்க வேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம். அவை அவர்களுக்குப் புகழ்மாலை ஆகலாம். நமக்கோ சாட்சிப் பத்திரம். எந்த ஊரார் எந்தப் போருக்குக் கொண்டு செல்லப்பட்டனர் என்பதை நாம் நிறுவப் புகுந்தால், அவ்வேடுகளையே நாட வேண்டும்.

இனி, இளைஞரின் நெஞ்சில் உண்மையாகவே தைத்த முள்ளுக்கு வருவோம். அவர் வருந்தியது வெள்ளையனுக்குக் கல் இருப்பதற்காக அன்று; தம்மவருக்கு இல்லாமைக்காக.

நாம் பஞ்சாலையில் பல்லாண்டு உழைத்தவர். ஓர் இரவு ஷிப்டில், நம்மோடு நூற்புப் பகுதியில் நின்ற தோழர் இயந்திரத்திற் சிக்கி உயிர் நீத்தார். மறுநாள் மஸ்டர் ரோலில் அவர் பெயரின் குறுக்கே சிவப்பு மைக்கோடு ஒன்று விழுந்தது. “பெயரை வெட்டியாயிற்று” என்றார் எழுத்தர். அதுவே ஆலையில் வழங்கும் சொல். ஆலை வாயிலிலோ, அடிக்கல் நாட்டியவர் பெயர் பளிங்கில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டுதல் என்னும் சொல் ஒன்றே. ஒருவனுக்கு அது நிலைப்பேறு, மற்றொருவனுக்கு அழிவு. யாருக்கு எது என்பதை இறப்பு தீர்மானிக்கவில்லை, இருந்தவர்கள் தீர்மானித்தார்கள்.

பண்டைத் தமிழர் இவ்வாறு செய்யவில்லை. ஆநிரை மீட்டு மாண்டவன் எளியவனாயினும் அவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, பெயர் பொறித்து நட்டனர். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரை எதிர்த்த அவன் நாயும் அதிலே உருப்பெற்று நிற்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அப்பெயரைச் சொல்ல முடிகிறது. நாயின் பெயரைக் காத்த இனத்தில், சயாம் பாதையில் மாண்ட மனிதனின் பெயரைக் காப்பார் இலர்.

அப்பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 12,000 பேர் அதிலே மாண்டனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் மட்டும் 6,982 பேருக்கு வரிசை வரிசையாக இடமுண்டு. கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர், பர்மியர், மலாய்க்காரர் முதலிய ஆசியத் தொழிலாளரோ 80,000-க்கு மேல் இறந்தனர் என மதிப்பிடுவோர் உண்டு. ஒரு லட்சம் என்போரும் உண்டு. கைதிகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது. கூலிகளுக்கு மதிப்பீடு இருக்கிறது. இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரமே அநீதியின் அளவு.

ஆணையமும் தன் கொள்கையில் வழுவியதை 2021-இல் தானே ஒப்புக்கொண்டது. முதலாம் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோருள் 45,000 முதல் 54,000 வரையினோர் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ நினைவே இன்றியோ விடப்பட்டனர். அத்தொகை 3,50,000 வரை இருக்கலாம் என்று அதன் அறிக்கை கூறி, மன்னிப்பும் கேட்டது. இதிலிருந்து நாம் கற்பது யாது? கொள்கை பொய் என்பதன்று. கொள்கை மெய், கடைப்பிடித்தவர் கை குறுகியது. ஆகவே நந்தம்பாக்கத்துப் புல்லை வாட விடுவது நமக்கு நியாயமாகாது. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பெயர், ஒரு கல் என்னும் அவ்வளவுகோலையே கையில் எடுத்து, நம்மவர் பக்கத்தை அளந்து காட்டுவதே நியாயம். பகைவனின் மகனை மறந்து நம் மகனை நினைக்க இயலாது. மறத்தலுக்குப் பழகிய நெஞ்சு இருவரையும் மறக்கும்.

எல்லாம் அநித்தியம் என்று உணர்ந்தோர்க்குக் கல் எதற்கு என்று சிலர் வினவலாம். எண்ணெய் தீரும் என்று அறிந்தும் விளக்கேற்றுகிறோம் அன்றோ? அநித்தியம் என்பது பற்றை விடுவதற்குச் சொன்னது. கடமையை விடுவதற்குச் சொன்னதன்று. காஞ்சனபுரியில் தாவோன் வராராம் என்னும் பௌத்த விகாரை, பெயரறியா ஆசியத் தொழிலாளரின் எச்சங்களுக்கு இடம் கொடுத்தது. அவ்விகாரையிலேயே 2023-ஆம் ஆண்டில் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டினர். எண்பது ஆண்டு தாழ்ந்தது, ஆயினும் நின்றது.

கல் நின்றது, பெயர்கள் இன்னும் வரவில்லை. அவை எங்கே உள்ளன? அரசின் ஏட்டில் இல்லாதவை நம் வீடுகளில்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்லி நாம் அவ்விளைஞருக்குக் கடிதம் எழுதினோம். பாட்டனாரின் பெயர் எவ்வாறு மறைந்தது என்பதை அவர் மறுமொழியில் விளக்கினார். அவர் மனைவியார் நெடுங்காலம் உயிர் வாழ்ந்தார்; ஆனால் கணவன் பெயரைச் சொல்லலாகாது என்னும் வழக்கால், இறக்கும் வரை அதை வாயால் மொழியவில்லை. பிள்ளைகளுக்கு அவர் “அப்பா” மட்டுமே. அன்பே பெயரை மறைத்துவிட்டது. பின்னர் அவ்விளைஞர் வீட்டுப் பரணில் தேடி, பழைய நிலப் பிரமாணம் ஒன்றில், எல்லை குறிக்கும் வரியில், அப்பெயரைக் கண்டெடுத்தார். அதை நாம் இங்கு எழுதோம். முதலில் அவ்வீட்டில் அது உரக்கச் சொல்லப்படட்டும்.

எனவே அன்பர்களே, கோட்டுகாலிலும் பாறசாலையிலும், இவ்வெல்லைப்புற ஊர்கள் அனைத்திலும், மலாயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் சென்று திரும்பாதவர் உள்ள வீடுகள் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், ஊர், சென்ற ஆண்டு, கடைசியாகக் கடிதம் வந்த இடம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். சென்னைக்குச் செல்வோர் ஒருமுறை நந்தம்பாக்கம் சென்று, ஏதேனும் ஒரு கல்லின் முன் நின்று, அங்குள்ள அயல்நாட்டு இளைஞனின் பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படியுங்கள். பின் ஊர் திரும்பி, உங்கள் நோட்டுப் புத்தகத்தில் உள்ள பெயரையும் அவ்வண்ணமே படியுங்கள். இரண்டையும் ஒரே குரலில் படிக்க முடிந்தால், அவ்விளைஞர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததாகக் கொள்ளலாம்.