எல்லையும் வாய்மையும்

சட்டத்தின் சொல்லை நிறைவேற்றுவோன் அதன் கருத்தையும் நிறைவேற்றியவனாவானா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. விசாவைப் புதுப்பித்தற்பொருட்டு நாட்டெல்லையைத் தாண்டி உடனே மீளும் வழக்கம் அவ்வினாவை இன்று மீண்டும் எழுப்புகின்றது.

கோப்பாயிற் பிறந்து கனடாக் கடவுச்சீட்டுப் பெற்ற ஒருவர் மலேசியாவில் உறவினருடன் தங்கியிருப்பதாகக் கொள்வோம். முன்னாளிற் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் பணியாற்றச் சென்ற யாழ்ப்பாணத்தவரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்வதால் இது புதுமையன்று. வருகையாளருக்குரிய 90 நாள்கள் முடியுந் தறுவாயில் அவர் பெர்லிஸ் மாநிலத்துப் பாடாங் பெசாருக்குச் சென்று, தாய்லாந்தினுட் புகுந்து, சில மணி நேரத்தில் மீள்கின்றார். அங்கே ஆரவாரமில்லை, இரு நாட்டுக் குடிவரவு அலுவலரும் ஒரே புகையிரத நிலையத்திற் கடமையாற்றுகின்றனர். மீண்டும் முத்திரை கிடைப்பின் அவர் புதிய வருகையாளராகின்றார். அவர் வாழ்க்கையிலோ எதுவும் மாறவில்லை.

அவர் வாய் திறந்து பொய் கூறவில்லை. சட்டம் வெளியேறச் சொன்னது, வெளியேறினார். ஆயினும் திரும்பிச் செல்லுங் கருத்துடையோனே வருகையாளன். 1795 இல் வெளியான ‘நிரந்தர சமாதானம்’ என்னும் நூலில் இம்மானுவேல் கான்ற், அந்நியனுக்கு உரியது வருகையுரிமையே என்றும், விருந்தினனாகத் தங்கும் உரிமை தனி உடன்பாட்டைப் பொறுத்தது என்றும் வேறுபடுத்தினார். அவ்வேறுபாட்டை மறைக்கும் பயணம் கால்களாற் கூறும் பொய்யாகும். அரசுகளும் இதனை அறியாதனவல்ல. விசாவின்றித் தரைவழி நுழைதலை ஆண்டுக்கு இருமுறையெனத் தாய்லாந்து 2016 இன் இறுதியில் வரையறுத்தது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளோ எந்த 180 நாள்களிலும் 90 நாள்களே எனக் கணக்கிடுகின்றன; எல்லை தாண்டுவதால் அக்கணக்குப் புதிதாவதில்லை.

எனினும் அனுமதிகள் யாவும் ஒரு தன்மையினவல்ல. கோப்பாய் மக்கள் கடல் தாண்டாமலே இதனை அறிந்தவர்கள். 1990 முதல் 1995 வரை குடாநாட்டிலிருந்து வெளியேற விடுதலைப் புலிகளின் ‘பாஸ்’ வேண்டியிருந்தது. அதற்குப் பிணை நிற்க ஒருவரும் தேவைப்பட்டார். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. வன்னி சென்றோருட் பலர் பின்னர் வவுனியாவை அடைந்தபோது, அங்கே அரச படையினரின் ‘பாஸ்’ காத்திருந்தது. தம் சொந்த நாட்டிலேயே அவர்கள் குறித்த கால அனுமதி பெற்று, அதனைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க நேர்ந்தது. அம்முறை நடமாடுஞ் சுதந்திரத்தை மீறுவதென 2002 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய அனுபவத்தினூடாக வந்த ஒரு சமூகம், எல்லையென்பது ஏய்த்துக் கடத்தற்குரியதே என எண்ணத் தலைப்படுதல் இயல்பு. ஆனால் இயல்பானது யாவும் அறமாகாது. குற்றமற்ற நன்மை பயக்குமாயிற் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. அநீதியான தடையின் முன் உயிரையும் குடும்பத்தையுங் காக்கச் சொன்ன பொய்க்கு அக்கருத்து அரணாகலாம். வசதிக்காகச் செய்யும் மறைப்புக்கும் அதே அரணைத் தேடுதல், முன்னையோர் பட்ட துன்பத்தை மலிவாக்குவதாகும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்த ஓர் அளவுகோல் வேண்டும். அதனையும் கான்றின் அந்நூலே தருகின்றது: பிறர் உரிமையைத் தொடும் செயலொன்றின் நோக்கம் பகிரங்கப்படுத்த முடியாததாயின் அச்செயல் நீதியன்று. “யான் இங்கேயே தங்கியிருக்கின்றேன், விதி கேட்பதனாற் போய்வந்தேன்” என அப்பயணி அலுவலரிடம் வெளிப்படக் கூறி, அலுவலரும் அறிந்தே முத்திரையிடுவாராயின், அங்கே வஞ்சனையில்லை, வெறுஞ் சடங்கேயுண்டு. அவ்வாறு கூற அஞ்சுவாராயின் அவ்வச்சமே தீர்ப்பாகும்.

அளவுகோல் பயணிக்கு மட்டும் உரியதன்று. தன்னால் மறிக்கப்படுவோன் முகத்தை நோக்கி மறிப்பதன் காரணத்தைக் கூற அதிகாரமும் கடமைப்பட்டுள்ளது. கூற இயலாத அதிகாரம், மக்களுக்குப் பொய்யைப் பழக்கிவிட்டு, பின்னர் அவர்களிடம் வாய்மையை எதிர்பார்க்கின்றது.